நாச்சிமுத்து வரைந்த கதவு

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அந்த இருவரும் முதல் நாளே சிரித்து முடித்துவிட்டார்கள்.

குரு, கோகிலவாணி. கோயம்புத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கேம்களுக்குப் பின்னணிப் படம் வரைகிறவள். இன்றைக்கு வருகிற கேம்களுக்கு அல்ல. முப்பது வருடத்துக்கு முன்னால் கனத்த பெட்டிக் கம்ப்யூட்டர்களில் ஓடிய சாகச விளையாட்டுகள் இருந்தனவே, அவற்றின் சாயலில் புதிதாகச் செய்யப்படும் கேம்களுக்கு.

திரையில் ஒரு தெரு இருக்கும். அதில் ஒருவன் நிற்பான். நாம் எதைச் சுட்டுகிறோமோ அங்கே நடந்து போவான். எடுக்கச் சொன்னால் எடுப்பான், திறக்கச் சொன்னால் திறப்பான். துப்பாக்கி, துரத்தல் எதுவும் கிடையாது. பொறுமை உள்ளவர்களுக்கான விளையாட்டு.

அந்தத் தெருவைக் கோகிலவாணி காகிதத்தில் போஸ்டர் கலரால் வரைவாள். பிறகு அதை ஸ்கேன் செய்து, சுருக்கி, நிறங்களைக் குறைத்து, சின்னச் சின்னக் கட்டங்களாக்கிப் பழைய காலத் திரைபோல ஆக்குவார்கள். கடைசியில் கட்டமாகப் போகிற படத்துக்கு எதற்குக் கையால் மெனக்கெடவேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. கை போன தடம் கட்டத்திலும் தெரியும் என்பாள். அவர்கள் நம்பமாட்டார்கள். அவளும் வற்புறுத்தமாட்டாள்.

சீடர் நாச்சிமுத்து பல் செய்கிறவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால், பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேப் வைத்திருந்தார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். மகன் தலையெடுத்து லேபைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும், சின்ன வயதிலிருந்து அடக்கிவைத்த ஆசை ஒன்று அவரை மாடிப்படி ஏற வைத்தது.

முதலில் 'மேடம்' என்றார். கோகிலவாணி வேண்டாம் என்றாள். 'டீச்சர்' என்றார். அது அதைவிட மோசம் என்றாள். கடைசியில், தங்கள் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளையையும் பிரியமாகக் கூப்பிடுகிற 'அம்மணி'யில் வந்து நின்றது. அவர் அவளுக்கு அண்ணா. உறவு இப்படி முடிவான பிறகுதான் பாடம் தொடங்கியது.

பல மாதம் சுவர் மட்டும் வரைந்தார். பிறகு மரம், கிணறு, ஓட்டுக் கூரை. அதன்பிறகு ஒருநாள் கோகிலவாணி ஒரு முழுத் தெருவையே அவரிடம் கொடுத்தாள்.

காணாமல் போன கோயில் மணியைத் தேடி ஒருவன் ஊர் ஊராகப் போகிற கேம் அது. சாயங்கால வேளையில் அவன் ஒரு தெருவுக்குள் நுழைகிறான். கடைசியில் இருக்கும் கிணற்றடிக்குப் போய் அங்குள்ள ஆட்டுக்காரரிடம் விசாரிக்கிறான். அவ்வளவுதான் அந்தத் தெருவில் அவனுக்கு வேலை. மற்ற வீடுகள், கதவுகள் எல்லாம் வெறும் படம்.

அது நாச்சிமுத்துவின் முதல் படம். தெருவை வரைந்து முடித்த அன்று தன் படம் வரப்போகிறது என்று மனைவி தெய்வானையிடம் சொன்னார். எந்தத் தியேட்டரில் வருகிறது என்று அவர் கேட்டார். தியேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் என்று இவர் விளக்கினார். சரி, எதுவாக இருந்தாலும் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் என்று தெய்வானை சொல்லிவிட்டார். மறுநாள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

சனிக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மாடிக்கு வந்து, செய்து முடித்தவரை கேமை ஆடிப்பார்ப்பார்கள். கம்பெனி ரியாஸுடையது. கேமின் புரோகிராம் முழுவதையும் எழுதுகிறவனும் அவன்தான். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பான். யாரும் ஆடுகிறவரோடு பேசக்கூடாது, உதவக்கூடாது. அதுதான் சட்டம்.

அன்றைக்கு முதல் பையன் தெருவுக்குள் நுழைந்தான். கிணற்றடிக்குப் போகவில்லை. மூன்றாவது வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, திற என்றான்.

'அங்கே ஒன்றும் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. புரோகிராமில் இல்லாத எதைத் தொட்டாலும் அந்த வரிதான் வரும்.

பையன் மறுபடியும் திற என்றான். அப்புறம் தட்டு என்றான். தள்ளு என்றான். கையில் இருந்த தேங்காயை எடுத்துக் கதவிடம் கொடுத்துப் பார்த்தான். அவனுக்கு அடுத்து வந்த பெண்ணும் அதே கதவில் போய் நின்றாள். அவளுக்கு அடுத்தவனும் அப்படியே. ஆட்டுக்காரர் கிணற்றடியில் காத்துக் கிடந்தார்.

கதவு உண்மையிலேயே அழகாக இருந்தது என்பதை ரியாஸ் ஒத்துக்கொண்டான். ஆனால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது, கொஞ்சம் சரிசெய்யுங்கள் என்றான். நாச்சிமுத்து யோசித்து, தெருவைப் புதுத் தாளில் மறுபடி வரைந்து, கதவில் ஒரு பூட்டுப் போட்டார். பித்தளைப் பூட்டு, துருவேறின நாதாங்கி, எல்லாம் அச்சு அசல்.

அடுத்த சனிக்கிழமை வந்த பிள்ளைகள் சாவி தேடினார்கள். கிணற்றுக்குள் தேடினார்கள். உறியில், ஆட்டின் கழுத்து மணியில், கோயில் உண்டியலில் தேடினார்கள். ஒரு பெண் கோயில் மணியைத் தேடுவதையே விட்டுவிட்டு, வந்த வழியெல்லாம் திரும்பிப் போய், பேருந்து நிலையத்தில் இருந்த பழைய பெட்டியைக் குடைந்தாள்.

நாச்சிமுத்து இன்னொரு தாளில் பூட்டில்லாமல் தெருவை வரைந்து, கதவை மறைத்து ஒரு வைக்கோல் வண்டியை நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் ஒரு பையன் எழுந்து, வண்டியை நகர்த்த மாடு எங்கே கிடைக்கும் என்று ரியாஸிடமே கேட்டுவிட்டான்.

ரியாஸ் நல்லவன். ஆனாலும் மாதக் கடைசியில் கேமை வெளியிட்டாக வேண்டும். நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கதவ எடுத்துட்டு அந்த எடத்துல சுவத்த வரைஞ்சிருங்கண்ணா. வெறுஞ்சுவரு. முடியலீன்னா கோகிலவாணியக்கா முன்னமே சும்மா போட்டு வச்ச தெரு ஒண்ணு கெடக்குது, அதையே வச்சுக்கறேன்."

சுவர் என்றால் நாச்சிமுத்துவுக்குக் கைவந்த விஷயம். வெள்ளையைக் குழைத்து, அதில் கொஞ்சம் காவியும் துளி நீலமும் சேர்த்து, சாயங்காலச் சுண்ணாம்புச் சுவருக்கு என்ன நிறம் வேண்டுமோ அதைக் கொண்டுவந்துவிட்டார். தூரிகையைத் தோய்த்தார். கதவுக்கு முன்னால் கொண்டுபோனார்.

கை இறங்கவில்லை.

தேநீர் குடித்துவிட்டு வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்தார். கலந்த நிறம் தட்டில் காய்ந்து வெடித்தது. மறுபடி கலந்தார். அதுவும் காய்ந்தது. கீழே பேக்கரியில் சாயங்காலப் பன்னு அடுப்பிலிருந்து இறங்குகிற வாசனை வந்தபோது எழுந்து கோகிலவாணியின் மேசைக்குப் போனார்.

"என் படத்த எடுத்துருங்க அம்மணி. பழைய தெருவையே வச்சுக்கச் சொல்லுங்க."

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள்.

"சுவரு வரைய வரலீங்களா?"

"வருதுங்க. அந்த எடத்துல வரைய முடியல."

"வூட்டுல அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

அதை நினைத்துப் பார்த்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"நல்லா வரையறது தப்புங்களா அம்மணி?"

கோகிலவாணி எழுந்தாள். அவர் மேசைக்குப் போய், தெருவின் மூன்று படங்களையும் எடுத்து வந்தாள். வெறும் கதவு இருந்தது, பூட்டுப் போட்டது, வண்டி நின்றது. மூன்றையும் ஜன்னலோரம் வரிசையாகச் சாய்த்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நாச்சிமுத்துவுக்கு உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"அண்ணா, இந்தக் கதவு சாத்தியிருக்குதுங்களா, தெறந்திருக்குதுங்களா?"

"சாத்தித்தான் இருக்குதுங்க."

"அப்ப இது?"

அவள் விரல் காட்டிய இடத்தில், நிலைக்கும் கதவுக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு ஓடியது. உள்ளே விளக்கு எரிந்தால் தெரிகிற மஞ்சள். கோகிலவாணி கம்ப்யூட்டரைத் திருப்பித் திரையிலும் காட்டினாள். சுருக்கி, நிறங்களை வடிகட்டி, எதையெதையோ தூக்கி எறிந்த பிறகும், ஒற்றை வரிசைக் கட்டமாக அந்த மஞ்சள் அப்படியே நின்றது.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கதவுன்னா அப்படித்தானுங்களே இருக்கும்."

"எந்தக் கதவுங்கண்ணா?"

அவர் படத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க வூட்டுக் கதவுங்க. சாயங்காலம் லேப்லேர்ந்து வாரப்ப, தெருமுக்குல வண்டிச் சத்தம் கேட்டதும் அவ வந்து தாழ எடுத்துட்டுப் போயிருவா. நான் ஒரு நாளும் கதவத் தட்டுனதில்லீங்க."

"வாசல்ல வந்து நிக்கமாட்டாங்களா?"

"மாட்டாளுங்க. அடுப்புல வேலை கெடக்குமுல்லங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் பார்க்கிற ஒன்றை, பார்க்கிறோம் என்றே தெரியாமல் பார்த்து வந்திருக்கிறார். ஒரு பெண்பிள்ளை முன்னால் இதையெல்லாம் சொல்லிவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, பேக்கரிக்காரர் தட்டுகளை வெளியே அடுக்குவதைக் கவனிக்கிறவர்போல நின்றார்.

கோகிலவாணி அவர் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு பூட்டுப் படத்தைக் கையில் எடுத்தாள். பூட்டுக்குப் பின்னாலும் அந்த மஞ்சள் கோடு இருந்தது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவிலும் இருந்தது.

"வெளிய பூட்டு, உள்ள வெளிச்சம். பின்ன அந்தப் பிள்ளைங்க சாவி தேடாம என்னங்கண்ணா பண்ணும்?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

"அக்கா உள்ள என்ன பண்ணிட்டு இருப்பாங்க?"

"அந்நேரத்துக்குங்களா? பால் காய வச்சிருப்பா. பூண்டு உரிச்சிட்டு இருப்பா. ரேடியோ பாடிட்டுக் கெடக்கும், ஆனாக் கேக்கமாட்டா."

"அப்ப உள்ள போய் வரைஞ்சிட்டு வாங்கண்ணா."

ரியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். பழைய பெட்டிக் கம்ப்யூட்டரிலும் இந்தக் கேம் ஓடவேண்டும் என்பது அவனுடைய பிடிவாதம். அதனால் இத்தனை படங்கள்தான் கொள்ளும் என்று ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டிருந்தான். பையில் துணி அமுக்குகிற மாதிரி அமுக்கித்தான் கடைசிப் படங்களை உள்ளே வைத்திருக்கிறேன், இன்னொன்றுக்கு இடமே இல்லை என்று கோகிலவாணியிடம் சத்தியம் செய்தான். நாச்சிமுத்து இதைக் கேட்டுவிட்டுத் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ரியாஸே போன் செய்தான். எப்படியோ இடம் கிடைத்துவிட்டது, சீக்கிரம் வரையுங்கள் என்றான். எப்படி என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

அந்த அறையை அவர் வரைந்த விதத்தைப் பார்த்து கோகிலவாணி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் பின்னால் வந்து நின்று இங்கே கொஞ்சம் மங்கல், அங்கே கொஞ்சம் அடர்த்தி என்று சொல்கிறவள், இந்த முறை தன் மேசையிலேயே இருந்துகொண்டாள். அவருக்குத் தெரியாத வீட்டைத்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சமையலறை. அடுப்பில் பால். ஜன்னல் மாடத்தில் ரேடியோ. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அந்தப் பெண் பேசும்போது திரையில் என்ன எழுத்து வரவேண்டும் என்று ரியாஸ் நாச்சிமுத்துவிடம் கேட்டான். மணியைத் தேடி வரும் வீரன் உள்ளே வந்ததும் அந்த அம்மா என்ன சொல்வார்?

"ஒண்ணும் சொல்லமாட்டாளுங்க."

ரியாஸ் ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அதே கதவுக்குப் போனார்கள். இந்த முறை அது திறந்தது. உள்ளே எடுக்க ஒரு பொருள் இல்லை, விசாரிக்க ஒரு தகவல் இல்லை. கோயில் மணிக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் வீரனை அந்த அறையில் நிறுத்திவிட்டு, மவுஸை விட்டுக் கையை எடுத்து, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கிளம்பிக் கிணற்றடிக்குப் போனார்கள். ஆட்டுக்காரருக்கு ஒருவழியாகப் பேச ஆள் கிடைத்தது.

கேம் முடிந்த அன்று நாச்சிமுத்து தெய்வானையை மாடிக்குக் கூட்டி வந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார் தெய்வானை. கோகிலவாணி அவருக்கு நடுநாயகமாக நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

நேராகத் தெருவுக்குப் போகாமல் கேமை முதலிலிருந்தே காட்டுகிறேன் என்று நாச்சிமுத்து மவுஸைப் பிடித்தார். வீரன் பேருந்தில் ஏறினான். இறங்கினான். தெருவுக்குள் நுழைந்தான்.

நாச்சிமுத்துவுக்கு ஏதோ இடறியது. ஆனால் பக்கத்தில் தெய்வானை இருந்தார், திரையில் கதவு இருந்தது. திற என்று அழுத்தினார்.

தெய்வானை திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் கொண்டையைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார்.

"முறத்த நான் இந்தப் பக்கமாவா மாட்டி வைப்பேன்?" என்றார்.

அப்புறம், "பால் பொங்கிரப் போகுது" என்றார். புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ரியாஸ் கீழே போய் பன்னும் டீயும் வாங்கி வந்தான். தெய்வானை அவனுடைய அம்மா ஊர், அப்பா ஊர் எல்லாம் விசாரிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து, நாச்சிமுத்து எழுந்து கோகிலவாணியின் மேசைக்கு வந்தார். அவள் தூரிகைகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

பேருந்திலிருந்து இறங்கிய வீரன் தெருவுக்குள் வருவதற்கு முன்னால் ஒரு மலைப்பாதையைக் கடக்கவேண்டும். கோகிலவாணியின் மலை அது. மழைக்காலம் முழுக்க விடிகாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிறுவாணிப் பக்கம் போய், மேகம் விலகுகிறவரை நனைந்தபடி நின்று பார்த்துவிட்டு வந்து வரைந்த மலை. நீலத்துக்குள் நீலமாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதைத் திரையில் பார்த்தவர்கள் யாரும் ஆகா என்று சொல்லாமல் போனதில்லை. அதுபோல ஒன்றைத் தன் ஆயுளுக்குள் வரைந்துவிடவேண்டும் என்று நாச்சிமுத்துவே ஆசைப்பட்டிருக்கிறார்.

"மலையக் காணமுங்களே அம்மணி."

"எடுத்துட்டங்கண்ணா. அந்த எடத்துலதான் உங்க சமயக்கட்டு இருக்குது."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"அதையா எடுப்பீங்க? அத்தன நல்லா வந்த படத்தையா?"

கோகிலவாணி கடைசித் தூரிகையை நீவி, சொட்டு நீரை உதறி, துணிமேல் வைத்தாள்.

"நல்லாருக்குன்னு எல்லாருந்தான் சொன்னாங்க. ஒருத்தரும் தட்டிப் பாக்கலீங்கண்ணா."